சொந்தப் பையும் சர்க்கார் கஜானாவும்

பழைய மாணவர் சங்கத்தால் என்ன பெரிய பிரயோஜனம், வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கலைவதுதானே என்று கேட்கும் நண்பர்கள் எல்லா செட்டிலும் உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த மலருக்கு இந்த மனுஷரைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே கல்லூரியில் படித்த நாலு பேர் ஒன்று சேர்ந்ததால் ஒரு சர்க்கார் இலாகாவே பிறந்த கதை இது. அந்த இலாகாவுக்கு மலையும் காடும் ஏரியும் ஏராளம். கையில் காசுதான் கிடையாது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். 1887-ல் அங்கே பட்டம் வாங்கிய செட்டில் ஒருவர் ஸ்டீஃபன் டிங் மேதர். அதே செட்டில் இன்னொருவர் அடால்ஃப் மில்லர். பிற்பாடு அங்கேயே பொருளாதாரப் பேராசிரியர் ஆனவர். அதே வருஷங்களில் அங்கே படித்து, பட்டம் முடிக்காமலே வெளியேறியவர் ஃபிராங்க்ளின் லேன். கால் நூற்றாண்டு கழித்து, 1912-ல் அதே கல்லூரியில் பட்டம் வாங்கி, மில்லரிடம் பாடம் கேட்ட பையன் ஹொரேஸ் ஆல்பிரைட். 1913-ல் லேன் அமெரிக்க இன்டீரியர் துறையின் செகரட்டரி ஆனார், அதாவது மந்திரி. நம் ஊர் உள்துறை மாதிரி அது போலீஸ் இலாகா இல்லை. சர்க்கார் நிலம், சுரங்கம், தேசியப் பூங்கா இவையெல்லாம் அதன் கையில். லேன் மில்லரைத் தன் உதவியாளராக வாஷிங்டனுக்கு அழைத்தார். மில்லர் மாணவன் ஆல்பிரைட்டையும் கூட்டிக்கொண்டு போனார். 1914-ல் மில்லர் ஃபெடரல் ரிசர்வ் போர்டுக்குப் போய்விட, நாற்காலி காலி. அதில் வந்து உட்கார்ந்தவர்தான் மேதர்.

அதற்குள் அவர் கோடீஸ்வரர். எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1867 ஜூலை 4-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் நியூயார்க் சன் பத்திரிகையில் நிருபராக ஐந்து வருஷம் ஓடியாடினார். பிறகு அப்பா வேலை பார்த்த பசிஃபிக் கோஸ்ட் போராக்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். போராக்ஸ் என்றால் வெங்காரம். பாலைவனத்தில் வெட்டி எடுத்த வெங்காரத்தை ஒரு காலத்தில் இருபது கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் இழுத்து வந்தார்கள். அந்தக் கழுதை வண்டியையே பெட்டியின் மேல் பெயராகவும் அடையாளமாகவும் போட்டு விற்கச் செய்த பெருமையில் மேதருக்குப் பெரும் பங்கு உண்டு. யாரும் கவனிக்காத ஒரு வெள்ளைப் பொடியை ஒவ்வொரு சமையலறையிலும் பேசவைத்தவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மலைகளுக்கும் இதே வேலையைத்தான் செய்தார்.

1903-ல் மனநிலை மிகவும் பாதிக்கப்பட்டுப் படுத்துவிட்டார். அப்போது நரம்புத் தளர்ச்சி என்று சொன்னார்கள். இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பைபோலார் நோய் என்கிறார்கள். வேலைக்கு வர முடியாத மாதங்களுக்கு முதலாளி சம்பளத்தை நிறுத்திவிட்டார். தேறி வந்த மேதர் 1904-ல் அந்தக் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நண்பர் தாமஸ் தார்கில்ட்சனோடு சேர்ந்து சொந்தமாக வெங்கார வியாபாரம் செய்தார். பத்து வருஷத்துக்குள் இரண்டு பேரும் பெரும் பணக்காரர்கள்.

இடையில் மலை ஏறும் பழக்கம் தொற்றிக்கொண்டது. 1905-ல் சியரா கிளப் ஆட்களோடு ரெய்னியர் சிகரம் ஏறினார். 1912-ல் சியரா மலைப்பக்கம் போனபோது கிழவர் ஜான் மியூரைச் சந்தித்தார். 1914-ல் செக்கோயா, யோசெமிட்டி பூங்காக்களைச் சுற்றிவிட்டு, பாதை சரியில்லை, பூங்காவுக்குள்ளேயே தனியார் நிலம் இருக்கிறது, பராமரிப்பு என்று ஒன்றுமே இல்லை என்று லேனுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினாராம். பிடிக்கவில்லை என்றால் நீங்களே வாஷிங்டன் வந்து நடத்திப் பாருங்கள் என்று லேன் பதில் போட்டாராம். இந்தக் கதையை அமெரிக்காவில் எல்லாரும் சொல்வார்கள். அப்படியே நடந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். எப்படியோ, 1915 ஜனவரியில் மேதர் வாஷிங்டன் வந்து சேர்ந்தார். சம்பளம் வருஷத்துக்கு 2,750 டாலர். ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணம். கூட இருந்து ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொள்ள 25 வயது ஆல்பிரைட்.

வந்து கணக்கைப் பார்த்தால் தலை சுற்றியது. பூங்காக்கள் பத்துக்கு மேல். ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஆபீஸ் கிடையாது. காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், ஒவ்வொரு பூங்காவுக்கும் தனித்தனியாகப் பணம் ஒதுக்கும். ஒன்றுக்கு ஒதுக்கியதை இன்னொன்றில் தொடக்கூடாது. யெல்லோஸ்டோன் பூங்காவில் இன்னும் வேடிக்கை. பூங்கா இன்டீரியர் துறையுடையது. காவல் இராணுவக் குதிரைப்படை. ரோடு போடுவது இராணுவ இன்ஜினீயர்கள். அந்தப் பணம் போர்த்துறை பட்ஜெட்டில் வரும். ஒரே இடத்தில் மூன்று எஜமானர்கள். நம்மில் பொதுப்பணியில் இருப்பவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும். தேசிய நினைவுச்சின்னங்கள் என்று தனியாக ஒரு வகை இருந்தது, 1906-ம் வருஷச் சட்டத்தின்படி ஜனாதிபதி அறிவித்தவை. முதல் பத்து வருஷம் அவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் ஒதுக்கவில்லை. பிறகு கொடுத்ததும் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 3,500 டாலர்.

இப்படி ஒரு இலாகாவை எடுத்து நடத்த வந்தவர் பணக்காரராக இருந்தால் என்ன செய்வார்? சட்டைப் பையில் கையை விடுவார். மேதர் விட்டார். ஆனால் எங்கே விட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

முதலில் விளம்பரம். பூங்காக்களைப் பற்றி நாட்டு மக்களுக்குத் தெரிந்தால்தான் அவர்கள் பிரதிநிதிகளுக்குப் பணம் ஒதுக்க மனசு வரும். ஆனால் சர்க்காரில் விளம்பரத்துக்குப் பதவி கிடையாது. பழைய பத்திரிகை நண்பர் ராபர்ட் ஸ்டெர்லிங் யார்டைக் கூப்பிட்டார். மேதர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் இவர். பேருக்கு மாதம் 30 டாலர் சர்க்கார் சம்பளம். மேதர் தன் பணத்திலிருந்து வருஷம் 5,000 டாலர். ஆல்பிரைட்டின் சம்பளத்தோடும் தன் பணத்தைச் சேர்த்தார். பூங்காக்களின் படங்கள் நிறைந்த ஒரு பெரிய தொகுப்பு 1916-ல் வந்தது. அச்சுச் செலவுக்கு மேற்குப் பக்க ரயில்வே கம்பெனிகள் 43,000 டாலர், மேதர் 5,000 டாலர். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் முக்கியமானவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. ரயில்வேக்காரர்கள் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை, டிக்கெட் விற்கும் என்பதால் கொடுத்தார்கள். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. சர்க்கார் சொல்ல வேண்டியதை, அதில் லாபம் உள்ளவனின் பணத்தில் சொல்வது நல்ல வழக்கமா? ஆனால் அந்தப் புத்தகம் இல்லாமல் அடுத்து வந்த சட்டம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இரண்டாவது, 1915 ஜூலையில் நடந்த ஒரு மலைப் பயணம். சியரா மலைகளில் இரண்டு வாரம், குதிரையிலும் நடையிலும். செலவு மேதருடையது. கூட வந்தவர்களைப் பார்த்தால் அவர் கணக்கு புரியும். நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையின் ஆசிரியர் கில்பர்ட் குரோவ்னர், ஊர் ஊராகப் பயணச் சொற்பொழிவு செய்யும் பர்ட்டன் ஹோம்ஸ், ஒரு ரயில்வே பெரிய அதிகாரி, இயற்கை அருங்காட்சியகத்தின் தலைவர். எல்லாருக்கும் மேலாக ஃபிரெடரிக் கில்லெட், காங்கிரஸ் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியின் மூத்த உறுப்பினர். டை சிங் என்ற சீனச் சமையல்காரர் மலை உச்சியில் மேஜை விரிப்பு போட்டு, சூடாக ரொட்டி சுட்டுப் பரிமாறினார். படுக்கக் காற்றடைத்த மெத்தை. பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிறவரைப் மலையில் உட்காரவைத்து, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, எதிரே இருக்கிற செக்கோயா மரத்தைக் காட்டினால் எஸ்டிமேட்டுக்குத் தனியாக விளக்கக் குறிப்பு எழுத வேண்டாம் இல்லையா! கில்லெட் 1919-ல் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரே ஆனார்.

அந்தப் பயணம் முடியும்போதே இன்னொன்று நடந்தது. யோசெமிட்டி வழியாக மலையைக் குறுக்கே கடக்கும் டியோகா ரோடு. 1883-ல் ஒரு வெள்ளிச் சுரங்கக் கம்பெனி போட்டது. அடுத்த வருஷமே சுரங்கம் மூடிவிட்டது; ரோடு தனியார் சொத்தாகவே கேட்பாரற்றுக் கிடந்தது. பூங்காவுக்கு நடுவே போகிற ரோட்டை வாங்க சர்க்காரிடம் பணமும் இல்லை, வாங்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. மேதர் 15,500 டாலருக்குப் பேசி முடித்தார். பாதி சொந்தப் பணம், மீதி நண்பர்கள், சியரா கிளப், அந்தப் பக்கத்து வர்த்தக சங்கம். வாங்கிவிட்டால் போதுமா? சர்க்கார் இனாமாக ஒரு பொருளை ஏற்றுக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அதற்கும் காங்கிரஸில் அனுமதி வாங்கி, ரோட்டைப் பத்து டாலருக்கு சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1915 ஜூலை 28-ல் திறப்பு விழா.

இந்த ரோடு கணக்கை நான் மேதரின் வேலைக்கு நல்ல உதாரணமாக நினைக்கிறேன். 15,500 டாலர் அவருக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் ரோடு சர்க்கார் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அதன் பராமரிப்பு வருஷா வருஷம் பட்ஜெட்டில் வந்தே ஆக வேண்டும். ஒரு தடவை தன் பணம், காலம் முழுக்க பொதுப் பணம். செக்கோயா பூங்காவிலும் இதே போலத்தான். ஜயன்ட் ஃபாரஸ்ட் என்ற ராட்சத மரக் காட்டின் முக்கியமான பகுதி தனியார் கையில் இருந்தது. சொந்தக்காரர்கள் 70,000 டாலர் கேட்டார்கள், காங்கிரஸ் 1916-ல் கொடுத்தது 50,000. பேசிவைத்த கெடு முடிகிற நேரம். மலைப் பயணத்தில் டை சிங் கையால் சாப்பிட்ட குரோவ்னரின் நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கம் மீதி 20,000-ஐக் கொடுத்தது. ஐம்பதாயிரம் ஒதுக்கிய சபைக்கு மீதி எங்கிருந்தாவது வரும் என்று காட்டினால் அடுத்த தடவை கை தாராளமாக நீளும். சில சமயம் இதுவே கெட்ட பழக்கமாகவும் ஆகும். வெளியில் கிடைக்குமே, நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று சபை நினைக்க ஆரம்பிக்கும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

1916 ஆகஸ்ட் 25-ல் ஜனாதிபதி வில்சன் கையெழுத்திட, தேசியப் பூங்கா சர்வீஸ் என்ற இலாகா பிறந்தது. 14 பூங்கா, 21 நினைவுச்சின்னம் அதன் பொறுப்பில். சட்டத்திலேயே சம்பளத்தையும் எழுதிவிட்டார்கள். டைரக்டருக்கு 4,500 டாலர், உதவி டைரக்டருக்கு 2,500, தலைமை எழுத்தருக்கு 2,000, டிராஃப்ட்ஸ்மேனுக்கு 1,800, பியூனுக்கு 600. வாஷிங்டன் ஆபீஸில் மற்ற எல்லாருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 8,100-க்கு மேல் போகக்கூடாது. கூட்டிப் பார்த்தால் 19,500 டாலர். லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்துக்குத் தலைமை ஆபீஸ் அவ்வளவுதான். அந்தப் பணமாவது உடனே வந்ததா? சட்டம் ஆகஸ்டில், ஆபீஸ் அமைக்கப் பணம் சேங்ஷன் ஆனது மறு வருஷம் ஏப்ரலில். அதுவரை பேரில் மட்டும்தான் இலாகா.

அந்த இடைவெளியில்தான் மேதர் விழுந்தார். 1917 ஜனவரியில் வாஷிங்டனில் பூங்கா மாநாடு ஒன்றைத் தடபுடலாக நடத்தினார். முடியும்போது மனுஷர் நிலைகுலைந்துவிட்டார். பெரிய மனச்சோர்வு, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பழைய முதலாளி சம்பளத்தை நிறுத்தினாரே, அது போல லேன் செய்யவில்லை. மே மாதம் முறைப்படி டைரக்டராக மேதரையே நியமித்து, பொறுப்பை ஆல்பிரைட்டிடம் கொடுத்தார். மேதர் திரும்பி வந்து முழுசாக வேலையைப் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பிற்பாடும் அந்த நோய் அவ்வப்போது எட்டிப் பார்த்தது.

ஆல்பிரைட்டுக்கு அப்போது 27 வயது. இந்த மலரைப் படிக்கும் இன்றைய மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். அவரிடம் மேதரின் பணமும் இல்லை, ஆட்களை வசியம் பண்ணும் குணமும் இல்லை. ஃபைல்தான் இருந்தது. காங்கிரஸ் கமிட்டி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு டாலரும் எதற்கு என்று பதில் சொல்லி முதல் ஒதுக்கீட்டை வாங்கிக் கொடுத்தது இந்தப் பையன். அதே ஏப்ரலில் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கிவிட்டது. இறைச்சியும் கம்பளியும் வேண்டும், பூங்காப் புல்வெளியில் ஆட்டையும் மாட்டையும் விடுங்கள் என்று நெருக்கடி. சில இடங்களில் மாடு விட வேண்டி வந்தது. புல்லை வேரோடு மேயும் ஆட்டுக்கு மட்டும் கூடிய மட்டும் முட்டுக்கட்டை போட்டார். யெல்லோஸ்டோனிலிருந்து குதிரைப்படையை 1916-ல் அனுப்பிவிட்டு ரேஞ்சர்களை வைத்திருந்தார்கள். பட்டாளம் போனால் வியாபாரம் போகும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பிரதிநிதியைப் பிடிக்க, அங்கே காவலுக்குப் பூங்கா சர்வீஸ் பணத்தைச் செலவழிக்கக்கூடாது என்று காங்கிரஸ் ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டது. பட்டாளம் திரும்பி வந்தது. யுத்தம் முடிகிற சமயம், 1918 அக்டோபர் கடைசியில்தான் ஒழுங்காகக் கிளம்பியது. ஒரு கொள்கையை எதிர்த்து வாதாடத் தேவையே இல்லை, பணத்தைச் செலவழிக்கும் தலைப்பில் ஒரு வரி போதும். ஆல்பிரைட் இதை இருபத்தேழு வயதில் கற்றுக்கொண்டார்.

அதே 1917-ல் இரண்டு சட்ட மாற்றங்கள் வந்தன. இரண்டும் மேதரை நேராகத் தாக்கின.

முதலாவது, மார்ச் மாதம். சர்க்கார் ஊழியர் தன் சர்க்கார் வேலைக்காக வெளியாரிடமிருந்து சம்பளம் வாங்கக்கூடாது என்று தடை. 1919 ஜூலை முதல் அமல். யார்டுக்கு மேதர் கொடுத்துவந்த 5,000 டாலர் அதோடு சரி. யார்ட் வெளியேறி 1919-ல் தேசியப் பூங்கா சங்கம் என்று தனி அமைப்பு ஆரம்பித்தார். மேதர் அதற்கும் பணம் கொடுத்தார், அது தனியார் சங்கம்தானே. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு அந்த யார்டே, பூங்காக்களில் கூட்டத்தையும் கேளிக்கையையும் அளவுக்கு மீறி வளர்க்கிறார்கள் என்று மேதரின் இலாகாவைக் கண்டிக்கும் ஆளாக மாறினார். சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கண்டனம் வந்திருக்குமா? மேதருக்கு இந்தச் சட்டம் இடைஞ்சல்தான். ஆனால் சரியான சட்டம் என்றே எனக்குப் படுகிறது. நல்ல மனுஷர் ஒருவர் தன் பணத்தில் சர்க்கார் ஊழியர் வைத்துக்கொள்ளலாம் என்றால், நாளைக்கு மரக் கம்பெனிக்காரனும் வைத்துக்கொள்வான். ஆடிட்டர் இரண்டு பேரின் மனசையும் பிளந்து பார்க்க முடியாது.

இரண்டாவது, கட்டணம். பூங்காவுக்குள் கார் விடுவதற்கு மேதர் பெரிய ஆதரவாளர். 1915 ஆகஸ்டில் யெல்லோஸ்டோனும் கார்களுக்குத் திறந்தது. ஒவ்வொரு காருக்கும் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தாலேயே பூங்காக்கள் தம் செலவைப் பார்த்துக்கொள்ளும் நாள் வரும் என்பது அவர் கனவு. வியாபாரி அல்லவா, அப்படித்தான் யோசிப்பார். காங்கிரஸோ, 1918 ஜூலை முதல் பூங்கா வருமானம் எல்லாம் பொதுக் கஜானாவில் கட்ட வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டது. வாசலில் வசூலித்த காசுக்கும் உள்ளே செய்யும் செலவுக்கும் உறவு அறுந்தது. கட்டணம் எவ்வளவு கூடினாலும், ரோட்டில் பள்ளம் மூட வேண்டும் என்றால் வருஷா வருஷம் கமிட்டி முன்னால் போய்க் கை கட்டி நிற்கத்தான் வேண்டும். நிதி நிர்வாகப் பாடத்தில் இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் சொல்வார்கள். சபையின் கையில் கடிவாளம் இருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். வசூல் பண்ணுகிறவனுக்கு அதில் பங்கில்லை என்றால் ஒழுங்காக வசூல் பண்ண மனசு வராது என்பது மறுபக்கம்.

சரி, பணம் பொதுக் கஜானாவில்தான் என்றால், அந்தக் கஜானாவின் சாவியைக் கையில் வைத்திருப்பவர்களைப் பிடிக்க வேண்டும். தேறி வந்த மேதர் அந்த வேலையில் இறங்கினார். இருபதுகளில் இன்டீரியர் துறையின் ஒதுக்கீட்டைப் பார்க்கும் துணைக் கமிட்டிக்குத் தலைவர் மிச்சிகன் மாநிலத்து லூயி கிராம்டன். பூங்காக்களைச் சுற்றிப் பார்த்து, உண்மையிலேயே அவற்றின் நண்பர் ஆகிவிட்டவர். கூட்டமும் கூடிக்கொண்டே போனது. 1916-ல் மூன்றரை லட்சம் பேர் வந்தார்கள், 1920-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது, 1928-ல் முப்பது லட்சம். இந்த எண்ணிக்கைதான் மேதரின் பட்ஜெட் வாதம். வருகிறவன் ஓட்டுப் போடுகிறவன்.

1924 ஏப்ரலில் பூங்கா ரோடுகளுக்கு மட்டும் மூன்று வருஷத்துக்கு 75 லட்சம் டாலர் என்று காங்கிரஸ் சட்டம் செய்தது. நம் துறைக்காரர்களுக்குப் பிடித்த கட்டம் இங்கேதான். கிளேசியர் பூங்காவில் மலையைத் தாண்டி ஒரு ரோடு. சர்வீஸின் சிவில் இன்ஜினீயர் ஜார்ஜ் குட்வின் போட்ட பிளானில் பள்ளத்தாக்கில் 15 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை ஏறியவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். இளம் வடிவமைப்பாளர் தாமஸ் வின்ட், மலைச் சுவரையே குடைந்து நீளமாக ஒரே சீராக ஏற்றினால் ஒரே ஒரு வளைவு போதும் என்றார். செலவு அதிகம், ஆனால் பள்ளத்தாக்கின் அழகு கெடாது. வருஷா வருஷம் பணத்துக்கு அலைந்த மேதர், மலிவான பிளானை அல்ல, வின்டின் பிளானைத்தான் எடுத்தார். 1924 இலையுதிர் காலத்தில் பொதுச் சாலைத் துறையின் இன்ஜினீயர் ஃபிராங்க் கிட்ரெட்ஜ் ஆட்களோடு செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்கி அலைன்மென்ட் சர்வே முடித்தார். குட்வின் விலகிக்கொண்டார். 1926-ல் மேதர் அந்தச் சாலைத் துறையோடு ஒப்பந்தம் போட்டார். பெரிய ரோடுகளை அவர்கள் கட்டட்டும், எங்கே எப்படிப் போக வேண்டும் என்பதில் எங்கள் ஆட்களின் சொல் நிற்கும். தனக்கென்று ஒரு இன்ஜினீயரிங் படையே வைத்துக்கொண்டு செலவை ஏற்றாமல், ஏற்கெனவே இருக்கிற படையைப் பயன்படுத்திக்கொண்ட கெட்டிக்காரத்தனம் இது. 'சூரியனை நோக்கி' என்று பேர் வைத்த அந்த ரோடு 1933-ல் முழுதாகத் திறந்தபோது மேதர் உயிரோடு இல்லை.

சொந்தப் பணம் கொடுக்கும் பழக்கத்தை அவர் விட்டாரா என்றால், இல்லை. 1919-ல் கலிஃபோர்னியாவில் செம்மரக் காடுகளைக் காப்பாற்ற ஒரு கூட்டம். அங்கேயே எழுந்து 15,000 டாலர் தருகிறேன் என்றார். 1916-ல் பூங்கா மசோதாவைச் சபையில் கொண்டுவந்த வில்லியம் கென்டும் இன்னொரு 15,000. ஆல்பிரைட் வாயடைத்துப் போனார், இப்படியே போனால் முதலாளிக்கு மிஞ்சுமா என்று. யோசெமிட்டியில் ரேஞ்சர்கள் தங்குவதற்கு சுமார் 39,000 டாலரில் ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தார். அது இன்னும் நிற்கிறது. எல்லாம் கட்டடமும் நிலமும்தான். சம்பளம் இல்லை. 1917 சட்டம் போட்ட கோட்டை அவர் தாண்டவில்லை.

நான் முன்னே சொன்ன கெட்ட பழக்கமும் இந்தக் காலத்தில்தான் தலைகாட்டியது. 1926-ல் கிழக்குப் பக்கம் ஷெனன்டோவா, கிரேட் ஸ்மோக்கி என்று புதுப் பூங்காக்களுக்குக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. ஆனால் நிலம் வாங்க மத்திய சர்க்கார் ஒரு காசு தராது என்ற நிபந்தனையோடு. மாநிலங்களே பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் வரைக்கும் வசூல் செய்ய வேண்டி வந்தது. ஸ்மோக்கிக்குக் கடைசியில் 1928-ல் ஜான் ராக்கஃபெல்லர் ஜூனியர் 50 லட்சம் டாலர் கொடுத்த பிறகுதான் கணக்கு முடிந்தது. அங்கே குடியிருந்த ஏழை மலைவாசிகளுக்கு நிலம் போனது என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

மேதரின் கோபமும் பிரசித்தம். கிளேசியர் பூங்காவில் கிரேட் நார்தர்ன் ரயில்வே ஹோட்டல் கட்டுவதற்காக ஒரு மரம் அறுக்கும் மில் வைத்திருந்தது. வேலை முடிந்தும் எடுக்காமல் கெடு மேல் கெடு வாங்கினார்கள். 1925 ஆகஸ்ட் 10-ல் விருந்தாளிகளைக் கூப்பிட்டுவைத்து, மேதர் தன் கையாலேயே டைனமைட்டுக்குத் திரி கொளுத்தினார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, என் மகளுக்கு இன்று பத்தொன்பதாவது பிறந்தநாள், கொண்டாடுகிறேன் என்றாராம். புத்தக அச்சுக்கு 43,000 டாலர் கொடுத்த ரயில்வேக் கூட்டத்தில் இந்தக் கம்பெனியும் ஒன்று என்பதை நினைத்தால், வாங்கிய பணத்துக்கு அவர் கட்டுப்பட்டவர் இல்லை என்று ஒரு ஆறுதல்.

1928 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. 1929 ஜனவரி 12-ல் ராஜினாமா. ஆல்பிரைட் டைரக்டர் ஆனார். மறு வருஷம் ஜனவரி 22-ல் மேதர் காலமானார், வயது 62. கனெக்டிகட்டில் முன்னோர் வாழ்ந்த டேரியன் ஊரில் அடக்கம். பூங்காக்கள் பலவற்றில் அவர் முகம் பதித்த வெண்கலத் தகடுகள் வைத்தார்கள். கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிறவர்கள் முதலில் நிற்கும் விளிம்புக்கு அவர் பேர்.

அவர் கேட்ட கட்டண விஷயம் மட்டும் தீர ரொம்ப நாள் ஆனது. 1996-ல்தான், வசூலித்த கட்டணத்தில் 80 சதவீதத்தை அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பரீட்சார்த்தமாக ஒரு ஏற்பாடு வந்தது. 2004-ல் அதற்குத் தனிச் சட்டம் செய்தார்கள். அதற்குள் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலை மலைபோலக் குவிந்துவிட்டதால், 2020-ல் இன்னொரு சட்டம் செய்து, ஐந்து வருஷத்துக்கு வருஷம் 190 கோடி டாலர் வரைக்கும் பொது நிலங்களின் ரிப்பேருக்கு ஒதுக்கினார்கள். அதில் 70 சதவீதம் பூங்கா சர்வீஸுக்கு.

டியோகா ரோடு 1961-ல் புது அலைன்மென்டில் அகலப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு வருஷமும் பனி உருகியதும் திறப்பார்கள். 9,943 அடி உயரத்தில், மலை உச்சிக் கணவாயில் பூங்காவின் கிழக்கு வாசல் இருக்கிறது. அங்கே வசூலாகும் கட்டணத்தில் நூற்றுக்கு எண்பது இப்போது யோசெமிட்டியிலேயே தங்குகிறது.